பழவேற்காட்டில் இரண்டு நாள் முகாம்: ஒரு மதிப்புரை

தண்டையார்பேட்டையிலிருந்து பள்ளி மாணவர்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் செல்லும் இரண்டு நாள் முகாமில் என் மகளுடன் நானும் கலந்துகொண்டேன். இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான அங்கே, உள்ளூர் மீனவர் ஒருவர் காற்றின் போக்கையும் நீரின் ஆழத்தையும் கணித்துக் கழியூன்றிப் படகு செலுத்தக் கற்றுக்கொடுத்த பின்னர், ஆறு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் அரைமணிக்கு ஒருவராகத் தலைமையேற்று வழியை முடிவு செய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் என் மகள், தன் முறை வந்தபோது, மற்ற ஐவரின் கருத்தையும் கேட்டுவிட்டுத் தெளிவாகத் திசையைச் சொன்னாள். அந்தக் குரலை நான் வீட்டில்கூடக் கேட்டதில்லை.

மாலையில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் அமர்ந்து, நுழைவாயிலின் எலும்புக்கூட்டுச் சிற்பங்களை ஓவியமாக வரைந்தார்கள். 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டையின் எச்சங்களுக்கும் சென்றோம், ஆனால் அங்கே விளக்கம் மிகச் சுருக்கமாக இருந்தது.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும்: சிறுவர்களுக்குப் பொருந்தும் அளவில் லைஃப் ஜாக்கெட்டுகள் போதுமானவையாக இல்லை. அதைச் சரிசெய்தால், பூநாரைகள் வரும் குளிர்காலத்தில் மகளை மீண்டும் அனுப்புவேன்.