முப்பரிமாண விளக்கப்படம்: இல்லஸ்ட்ரேட்டரா, இங்க்ஸ்கேப்பா?

காரைக்குடியில் வடிவமைப்பு பழகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் இரண்டுமே கணினியில் படம் வரையும் மென்பொருள்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்வோம். மேலே வண்ணச் சிமெண்ட், நடுவே உலர்ந்த மணல் கலவை, அடியில் ஈரச் சாந்து என்று மூன்று அடுக்கையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

செலவு
இல்லஸ்ட்ரேட்டர்: சந்தா. கட்டுவதை நிறுத்தினால் வேலையும் நின்றுவிடும்.
இங்க்ஸ்கேப்: இலவசம், 2003 முதல் திறந்த மூல மென்பொருள்.

கனம் கொடுப்பது
இல்லஸ்ட்ரேட்டர்: சதுரத்தை வரைந்து, தட்டை வடிவத்துக்குத் தடிமன் தரும் ‘எக்ஸ்ட்ரூட்’ கொடுத்தால் போதும். தடிமனையும் கோணத்தையும் பிறகும் மாற்றலாம். கல்லின் பூவேலையை மேல்முகத்தில் ஒட்டலாம்.
இங்க்ஸ்கேப்: 3டி பெட்டிக் கருவி உண்டு, ஆனால் அது பெட்டியோடு சரி. மற்றதற்கு ஆக்சோனோமெட்ரிக் கட்டம் (சாய்கோடுகளால் ஆன வழிகாட்டிக் கட்டம்) போட்டு, 30 பாகைக் கோடுகளைப் பிடித்து, மூன்று முகங்களையும் நாமே வரைய வேண்டும். மேல்முகம் வெளிர், ஒரு பக்கம் சற்று அடர், மறுபக்கம் இன்னும் அடர். அலுப்புதான், ஆனால் ஒளி எங்கிருந்து விழுகிறது என்று கண் பழகுவது இதில்தான்.

அச்சு
நான்கு வண்ண அச்சுக்கு இல்லஸ்ட்ரேட்டர்தான் வசதி. திரைக்கு இரண்டும் ஒன்றே.

வாடிக்கையாளர் வாராவாரம் திருத்தம் சொல்பவரா? சந்தா கட்டிவிடுங்கள். கற்றுக்கொள்பவருக்கும், எப்போதோ ஒரு படம் போடுபவருக்கும் இங்க்ஸ்கேப்.