தீபாவளி மேக்கப் பட்ஜெட்: எதை சேலில் எடுக்கலாம், எதைக் கடைக்குப் போய் வாங்க வேண்டும்

மேக்கப்புக்கென்றே நடக்கும் மிகப் பெரிய சேல் தீபாவளிக்கு முன்னால் வருவதில்லை. அழகுப்பொருள் விற்கும் நைக்கா ஆப்பின் பிங்க் ஃப்ரைடே சேல் நவம்பர் பிற்பாதியில்தான் தொடங்கும். அதற்குள் வெடிச்சத்தம் அடங்கியிருக்கும். தீபாவளிக்கு முன் வருபவை அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவலும் ஃபிளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டேஸும். செல்போனுக்கும் டிவிக்கும்தான் அங்கே முதல் மரியாதை. லிப்ஸ்டிக்கும் சீரமும் அவற்றுக்குப் பின்னால்தான். போனஸ் வந்த வேகத்தில் முழுப் பணத்தையும் தீபாவளிக்கு முன்பே கரைத்துவிட்டால், நவம்பரில் சரியான விலைக்கு வரும் சாமானை வாங்கக் கையில் காசு இருக்காது. பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இந்தத் தேதிக் குழப்பத்தில்தான்.

3,000 ரூபாயை அளவாக வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போகிற ஒருவருக்கு ஒரு தீபாவளி, தை மாதத்தில் ஒன்றிரண்டு கல்யாணம், மற்ற நாட்களில் காஜல், சன்ஸ்கிரீன் என்ற அளவுக்கு இது போதும். தீபாவளிக்கு முன் 1,100 ரூபாய்: லிப்ஸ்டிக் ஒன்று 400, காஜல் 200, ஃபவுண்டேஷன் (முகத்தின் நிறத்துக்கு ஏற்ற பூச்சு) சின்ன டியூப் 350, நெயில் பாலிஷும் பொட்டும் சேர்த்து 150. நவம்பர் சேலுக்கு 1,100: சன்ஸ்கிரீன் இரண்டு 800, ஃபேஸ் வாஷ் 300. யாருக்காவது பரிசு கொடுக்க 500. மீதி 300 ரூபாயைத் தொடாமல் வைக்க வேண்டும். அது ஏன் என்பது கீழே வருகிறது.

இந்தப் பிரிப்புக்கு அடிப்படை ஒன்றுதான். நிறம் பார்த்து வாங்க வேண்டியதைக் கடையில் வாங்குங்கள். ஏற்கெனவே பயன்படுத்தி ஒத்துக்கொண்டதை, தீர்ந்துபோனதை நிரப்புவதற்காக மட்டும் சேலில் வாங்குங்கள்.

புது ஷேட் ஃபவுண்டேஷனை சேலில் வாங்குவதுதான் அதிகம் வீணாகிற செலவு. திரையில் தெரியும் நிறம் போனுக்குப் போன் மாறும். திறந்து பார்த்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. உடைந்து வந்தாலோ தவறான பொருள் வந்தாலோதான் மாற்றித் தருவார்கள். மால்களில் இருக்கும் நைக்கா கடையோ, தி. நகரில் டெஸ்டர் (தடவிப் பார்ப்பதற்கான மாதிரி) வைத்திருக்கும் கடையோ, போய்ப் பார்ப்பதற்கு ஆகும் பஸ் கட்டணம் இந்த நஷ்டத்தைவிடக் குறைவு. புறங்கையில் தடவிப் பார்ப்பதால் பயனில்லை. முகத்துக்கும் கைக்கும் நிறம் வேறு. தாடை ஓரத்தில் மூன்று ஷேட்களைப் பக்கத்துப் பக்கத்தில் கோடாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் கடையைச் சுற்றிவிட்டு, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பல ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் சற்றுக் கறுக்கும். கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கில் சரியாகத் தெரிந்த ஷேட், வாசலில் சாம்பல் பூத்த மாதிரி தெரிவது அடிக்கடி நடக்கும். லிப்ஸ்டிக் டெஸ்டரை உதட்டில் வைக்கவே கூடாது. விரல் நுனியில் தடவினால் போதும். அங்கே இருக்கும் இளஞ்சிவப்பு உதட்டு நிறத்துக்கு ஓரளவு நெருக்கமானது.

டியூப் அளவிலும் மிச்சம் பிடிக்கலாம். மேபலின் ஃபிட் மீ ஃபவுண்டேஷன் 30 மில்லி பாட்டிலாகவும் வருகிறது, 18 மில்லி டியூபாகவும் வருகிறது. முகத்துக்கு ஒரு தடவை அரை மில்லி என்று கணக்கிட்டால் 18 மில்லியில் 36 தடவை போடலாம். பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போடுகிறவருக்கு அது ஒரு வருடத்துக்கு மேல் வரும். டப்பாவின் பின்னால் மூடி திறந்த ஜாடிப் படமும் அதற்குள் '12 எம்' என்ற எழுத்தும் இருக்கும். திறந்த பின் 12 மாதம் என்று பொருள். அதற்குள் முடிக்க முடியாத பெரிய பாட்டில் எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் லாபம் இல்லை.

லிப்ஸ்டிக்கில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகத் தெரியும். லாக்மே 9 டு 5 பிரைமர் மேட் லிப்ஸ்டிக் 3.6 கிராம். ஒரு தடவை பூச 10 மில்லிகிராம் போகிறது என்று வைத்தால் 360 தடவை வரும். வாரம் இரண்டு நாள் போடுகிறவருக்கு அது மூன்றரை வருடம். திறந்த லிப்ஸ்டிக் நன்றாக இருப்பதோ ஒன்றரை முதல் இரண்டு வருடம். ஒன்றையே முடிக்க முடியாதபோது 'மூன்று வாங்கினால் 999' என்ற சலுகையில் இரண்டு குப்பைக்குத்தான் போகும். மினி சைஸை இங்கே நான் பரிந்துரைப்பேன். ஒரு லிக்விட் லிப்ஸ்டிக் 5 மில்லி 599 ரூபாய், அதன் மினி 1.5 மில்லி 249 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிக்கு விலை பார்த்தால் பெரியது 120, மினி 166. கணக்குப்படி மினி விலை கூடுதல். ஆனால் கையை விட்டுப் போகும் பணம் 350 ரூபாய் குறைவு, வாங்கியது வீணாகாமல் தீர்ந்தும்விடும். மில்லிக்கு விலை பார்ப்பது தினமும் செலவாகும் பொருளுக்குத்தான் சரிவரும்.

சன்ஸ்கிரீன் இதற்கு நேர் எதிர். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், ஏறக்குறைய ஒரு கிராம் தேவை. 50 கிராம் டியூப் ஐம்பது நாளில் தீர்ந்துவிடும். மதியம் மறுபடி போடுகிறவருக்கு ஒரு மாதம்கூட வராது. ஆகவே சேலில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று வாங்கக்கூடியது இது ஒன்றுதான். காலாவதித் தேதிக்கு இன்னும் ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. காஜலும் சீக்கிரம் தீரும். மேபலின் கலாஸல், லாக்மே ஐகானிக் போன்றவற்றில் இருப்பது 0.35 கிராம்தான். 200 ரூபாய்க்கு வாங்கினால் கிராம் 570 ரூபாய்க்கு மேல் ஆகிறது, லிப்ஸ்டிக்கைவிடப் பல மடங்கு. அதனால் தினமும் மை இடுகிறவர்கள் சேலில் இரண்டு எடுத்து வைக்கலாம், தவறில்லை. ஒன்றைத் திறந்து முடித்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

இனி தள்ளுபடியைப் படிக்கும் முறை. 'நாற்பது சதவீதம்' என்று போடுவது எம்.ஆர்.பி.யிலிருந்து, சாதாரண நாளில் அதே ஆப்பில் விற்கும் விலையிலிருந்து அல்ல. பல பொருள்கள் வருடம் முழுவதும் பதினைந்து, இருபது சதவீதம் குறைத்தே விற்கப்படுகின்றன. வேண்டிய பொருளை சேலுக்கு மூன்று வாரம் முன்பே விஷ்லிஸ்ட்டில் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை விலையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சேல் நாளில் ஒப்பிட்டால் உண்மையான குறைப்பு தெரியும். ஒப்பிடும்போது அளவையும் பாருங்கள். ஒரே பெயரில் 30 மில்லியும் 20 மில்லியும் அருகருகே நிற்கும்.

வரியும் இதில் சேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலைமுடி எண்ணெய், குளியல் சோப்புக் கட்டி, டால்கம் பவுடர், முகப் பவுடர் ஆகியவற்றுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்றால் முன்பு 118, இப்போது 105. அதாவது 11 சதவீதம் தானாகவே குறைந்திருக்க வேண்டும். பழைய எம்.ஆர்.பி.யைக் காட்டி 'ஷாம்புக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி' என்றால் கடைக்காரர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. லிப்ஸ்டிக், ஃபவுண்டேஷன், நெயில் பாலிஷ், காஜல் பென்சில் எல்லாம் 18 சதவீதத்திலேயே இருக்கின்றன. குங்குமம், பொட்டு, டப்பா மைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் உரிம எண் இல்லாத மை வேண்டவே வேண்டாம். சுர்மா என்ற கண்மைப் பொடி வகைகளில் ஈயம் இருப்பது பலமுறை கண்டறியப்பட்ட ஒன்று.

ஆப்களில் எது தேவலை? நைக்காவில் பிராண்டுகளின் எண்ணிக்கை அதிகம். வெளிநாட்டு பிராண்ட் ஒன்றைத்தான் வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் பிங்க் ஃப்ரைடே வரை பொறுக்கலாம். பர்ப்பிள் 500 ரூபாய்க்குள் பார்ப்பவர்களுக்குப் பொருந்தும். ரிலையன்ஸ் 2023 ஏப்ரலில் தொடங்கிய டீராவையும் விலை ஒப்பிடத் திறந்து பாருங்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: கே பியூட்டி நைக்காவைச் சேர்ந்தது, குட் வைப்ஸ், ஃபேசஸ் கனடா, என்ஒய் பே மூன்றும் பர்ப்பிளைச் சேர்ந்தவை. சொந்தச் சரக்கைக் கடைக்காரர் முன்வரிசையில் அடுக்குவது இயல்பு. அவற்றில் நல்ல பொருள்கள் உண்டு. ஆனாலும் உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று முதல் பக்கத்தில் இருப்பதாலேயே பட்டியலுக்குள் வந்துவிடக் கூடாது. அமேசானிலும் ஃபிளிப்கார்ட்டிலும் விற்பவர் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். அதே பொருளைப் பல பேர் விற்பார்கள், மிகக் குறைந்த விலைக்காரர்தான் சந்தேகத்துக்குரியவர்.

சௌகார்பேட்டை காசிச் செட்டித் தெருவில் ஃபேன்சி சாமான் மொத்த விலையில் கிடைக்கும். வளையல், ஹேர் கிளிப், பொட்டு, பிரஷ், ஸ்பாஞ்சு, மேக்கப் பை எல்லாவற்றுக்கும் அந்தத் தெருதான் என் தேர்வு. கண்ணிலும் உதட்டிலும் படும் பொருளை அங்கே வாங்கச் சொல்ல மாட்டேன். பர்மா பஜார் சென்ட்டுக்கும் அதேதான். அசலின் பெட்டியோடு வரும் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற போலியை எழுத்துருவை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். லேபிளைப் பாருங்கள். இறக்குமதி அழகுப்பொருளில் பதிவுச் சான்றிதழ் எண்ணும், அந்தச் சான்றிதழ் பெற்றவரின் பெயர் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு காஸ்மெட்டிக்ஸ் விதி. அது இல்லாத 'துபாய் சரக்கு' எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

அந்த 300 ரூபாய்க்கு வருவோம். கார்ட்டில் 1,180 ரூபாய் இருக்கும்போது, '1,500க்கு மேல் வாங்கினால் இலவசப் பரிசு' என்று வரும். 320 ரூபாய்க்கு எதையோ சேர்த்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சாம்பிள் டியூப். இன்னொரு பக்கம் வங்கி கார்டு தள்ளுபடி: குறைந்தபட்சத் தொகை ஒன்று, அதிகபட்சத் தள்ளுபடி ஒன்று, இரண்டும் சின்ன எழுத்தில் இருக்கும். டெலிவரி கட்டணம், பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறைக்குத் தனிக் கட்டணம் என்று கடைசித் திரையில் ஐம்பது நூறு ஏறும். 300 ரூபாய் அந்தக் கட்டணங்களுக்கும், பட்டியலில் விட்டுப்போன ஒரு சின்னப் பொருளுக்கும். பரிசு வரம்பை எட்டுவதற்கு அதைச் செலவழிக்கக் கூடாது. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.'யில் செயலாக்கக் கட்டணமும் வட்டி மீதான ஜி.எஸ்.டி.யும் வரலாம், லிப்ஸ்டிக்குக்குத் தவணை கட்டும் நிலை வந்தால் பட்டியலைத்தான் சுருக்க வேண்டும்.

பரிசுப் பெட்டிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். '1,999 ரூபாய் செட் 999க்கு' என்றால் உள்ளே இருக்கும் ஐந்தில் உண்மையில் பயன்படப்போவது எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டுதான் என்றால் ஒன்றுக்கு 500 ரூபாய் கொடுக்கிறீர்கள். அடுத்தவருடைய ஷேட் தெரியாமல் ஃபவுண்டேஷன், கன்சீலர் (கரும்புள்ளியை மறைக்கும் பூச்சு) வாங்கிக் கொடுக்காதீர்கள். ஹேண்ட் க்ரீம், லிப் பாம், நெயில் பாலிஷ், நல்ல பிரஷ் இவை யாருக்கும் பொருந்தும். 500 ரூபாய்க்குள் அழகாகவும் முடியும்.

தீபாவளி நாளுக்கென்று சில பொருள்களை வாங்கத் தேவையே இல்லை. விடியற்காலை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த முகத்தில் பிரைமர் (ஃபவுண்டேஷனுக்கு முன் போடும் அடிப்பூச்சு) நிற்காது, ஃபவுண்டேஷன் வழுக்கும். முகத்தை இன்னொரு முறை ஃபேஸ் வாஷ் போட்டுக் கழுவி, அரை மணி நேரம் விட்டு, எண்ணெய் கசிவதை டிஷ்யூவால் ஒற்றிய பிறகு மெல்லிசாகப் போட்டால் போதும். ஐப்பசி மழையும் பட்டாசுப் புகையும் சேரும் நாளில் பணத்தை வாட்டர்ப்ரூஃப் காஜலில் போடுவதுதான் சரி. அதை எடுக்கத் தனி ரிமூவர் வேண்டாம். பஞ்சில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் வைத்து மூடிய கண்மேல் பத்து விநாடி ஒற்றினால் வந்துவிடும். பிறகு முகம் கழுவ வேண்டும்.

பார்சல் வந்ததும் முகவரிச் சீட்டில் தொடங்கி, பிரிப்பதை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். சீல், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் அதில் தெரிய வேண்டும். இடையில் வெட்டிய வீடியோவை ஏற்க மறுப்பது உண்டு. வைட்டமின் சி சீரம் என்றால் நிறத்தையும் பாருங்கள். பழுப்பாக மாறியிருந்தால் காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது என்று பொருள். குறை இருந்தால் அன்றைக்கே புகார் போட்டுவிடுங்கள், திருப்பும் கெடு சேல் நேரத்தில் சீக்கிரம் ஓடிவிடும்.

தைக் கல்யாணத்துக்காக நவம்பர் சேலில் வாங்கியதை மார்கழி முழுக்கத் திறக்காமல் வெயில் படாத அலமாரியில் வையுங்கள், குளியலறையில் வேண்டாம். மஸ்காராவைக் கல்யாண வாரத்தில்தான் திறக்க வேண்டும். திறந்த தேதியைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள். மஸ்காராவுக்கு அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம்தான்.