சப்பாத்தியை விட்டது சுலபம், மோரை விட்டதுதான் பாடு

மகளுக்கு சீலியாக் (கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கிற நோய்) என்று ரிப்போர்ட் வந்த அன்று, கோதுமை, மைதா, ரவை, பார்லி என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, "இனி ஆயுசுக்கும் கிடையாதும்மா" என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும்போதே எனக்கு ராத்திரி சப்பாத்திக் கவலை பிடித்துக்கொண்டது. நாலு மாதம் கழித்து, பால் புரதமும் அவளுக்கு ஒவ்வாது என்று தெரிந்தபோது அத்தனை கலங்கவில்லை. பால்தானே, விட்டால் போச்சு என்று நினைத்தேன். மூன்று வருஷம் ஆகிறது. இரண்டு கணக்குமே தப்பு.

கோயம்புத்தூர்ப் பக்கத்துச் சமையலறை எங்களுடையது. கடையில் மாற்று என்று விற்பதையும், பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் போட்டது மூன்று விஷயத்துக்கு: வேலை நாளில் செய்ய முடியுமா, விலை கட்டுமா, பிள்ளை இரண்டாம் தடவை கேட்டாளா.

ராத்திரிக்கு: ஆட்டா பாக்கெட்டா, சோளமா, சந்தகையா?

குளூட்டன் இல்லாத ஆட்டா என்று வருவது பெரும்பாலும் அரிசி, சோளம், ராகி, ஏதாவது கிழங்கு மாவு எல்லாம் கலந்து, ஒட்டுவதற்குப் பிசின் சேர்த்தது. கோதுமை மாவைப் போல மூன்று நான்கு மடங்கு விலை. பிசைந்தால் இழுபடாது, கட்டையில் தேய்த்தால் ஓரமெல்லாம் வெடிக்கும். இரண்டு பாலித்தீன் தாளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் வட்டமாக வரும். கல்லிலிருந்து எடுத்த சூட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் அட்டை.

சோள ரொட்டிக்கு வெறும் சோள மாவு போதும். நுணுக்கம் வெந்நீரில் இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறினால் மாவு பாதி வெந்து பசை கொடுக்கும். குளூட்டன் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பசை செய்கிறது. ஈரத்துணியில் தட்டிக் கல்லில் போட வேண்டும். முதல் பத்து நாள் எனக்கு இந்தியா வரைபடம்தான் வந்தது. கை பழகிய பிறகு பாக்கெட்டைவிடச் சுலபம், ருசியும் மேல். இதையும் சுடச்சுடத்தான் சாப்பிட வேண்டும், ஆறினால் விறைத்துவிடும்.

இரண்டையும் ஓரம் கட்டியது சந்தகை, எங்கள் பக்கத்து அரிசிச் சேவை. புழுங்கலரிசியை ஊறவைத்து நைசாக, கெட்டியாக அரைத்து, இட்லியாக ஊற்றி வேகவைத்து, ஆவி அடங்குவதற்குள் மிஷினில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறிய மாவை எந்த வீரனாலும் பிழிய முடியாது. எங்கள் வீட்டில் இது இரண்டு ஆள் வேலை: நான் இட்லியை எடுத்துப் போட, அவள் மிஷின் கைப்பிடியைச் சுற்றுவாள். பாதி எலுமிச்சை பிழிந்து தாளித்தது, மீதி தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் விட்டது. இதில் கோதுமையும் இல்லை, பாலும் இல்லை. எதற்கும் ‘மாற்று’ என்று சொல்லிக்கொண்டு வராத சாப்பாடு என்பதால் தட்டில் வைக்கும்போது யாரும் பரிதாபமாகப் பார்ப்பதில்லை. யோசித்தால், ராத்திரிச் சப்பாத்தியே எங்கள் வீட்டுக்குள் என் கல்யாணத்துக்குப் பிறகு வந்ததுதான். டாக்டர் யாரோ என் மாமனாருக்குச் சர்க்கரை என்று எழுதிக் கொடுத்தது. வந்த வழியே போய்விட்டது.

பாக்கெட் தோற்றுவிட்டது என்று சொல்ல வந்தேன், மகள் ஒப்புக்கொள்ள மாட்டாள். பள்ளிச் சுற்றுலாவுக்கு மற்ற பிள்ளைகள் சப்பாத்தி கொண்டுபோகும்போது அவளுக்கும் வட்டமாக, பழுப்பாக ஒன்று வேண்டியிருந்தது. அதற்கென்று அரைக்கிலோ அலமாரியில் எப்போதும் இருக்கிறது.

மில் மாவு, பாக்கெட் மாவு

இதில் பாக்கெட் பக்கம்தான் நான். தானியம் நல்லதாக இருந்து பயனில்லை. மில்லில் நமக்கு முன்னால் அரைத்தவர் யார் என்பதுதான் கேள்வி. கோதுமை அரைத்த மிஷினில் அடுத்து நம் ராகியைக் கொட்டினால் முதலில் விழுவது அந்தக் கோதுமையின் மிச்சம். குளூட்டன் இல்லை என்று அட்டையில் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒரு பிடி மிச்ச மாவு அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். இப்போது ராகி, சோளம் இரண்டையும் வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன். அவசரத்துக்கு முத்திரை உள்ள பாக்கெட்.

ராகி சேமியா வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். சிலதில் ராகியோடு கோதுமையும் இருக்கும். ‘மல்டிகிரெய்ன்’ ஆட்டாவில் கேட்கவே வேண்டாம். ஹார்லிக்ஸ் மாதிரி மால்ட் பானங்களில் கோதுமை, பார்லி, பால் எல்லாமே உண்டு. எங்களுக்கு முழுக் கதவடைப்பு.

பெருங்காயம் என்னை ஏமாற்றியது ஒரு வருஷம். தூள் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவுதான், பெரும்பாலும் மைதா. கட்டிப் பெருங்காயம் சுத்தம் என்று மாறினேன். அதிலும் மாவு சேர்ப்பார்கள். பால் பெருங்காயத்தில் பெயரில்தான் பால், ஆனாலும் மாவு கலந்திருக்கிறதா என்று அட்டையைப் பார்க்க வேண்டும். இப்போது அரிசி மாவு கலந்தது கிடைக்கிறது. அது இல்லாத நாளில் ரசத்துக்குப் பூண்டு ஒரு பல் கூடுதல், விஷயம் முடிந்தது. சாம்பார்ப் பொடி கடையில் வாங்குவதை இதனாலேயே நிறுத்தினேன்.

தயிருக்கு: கடலையா, தேங்காயா, சோயாவா?

இங்கேதான் நான் உண்மையிலேயே தடுமாறினேன். எங்கள் வீட்டில் மோர் ஊற்றாமல் சாப்பாடு முடியாது. பிள்ளை மூன்றாம் வாய் ரசத்தோடு எழுந்துவிடுவாள். அத்தை பார்த்துவிட்டு, "கண்ணு, சாப்பாடு முடியலயே" என்பார். "முடிஞ்சுது அப்பத்தா, மோர்தான் இல்ல" என்பாள்.

நிலக்கடலைத் தயிரை முதலில் செய்தேன். ஒரு டம்ளர் பச்சைக் கடலையை ராத்திரி ஊறவைத்துத் தோல் நீக்கி, மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டிக் காய்ச்ச வேண்டும். கரண்டியை எடுத்தால் அடிபிடிக்கும். விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும் ஏழெட்டுப் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் தோய்ந்திருக்கும். முதல் தடவை தளதளவென்றுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்கு உறை ஊற்றினால் கெட்டியாக வரும். குறை, கடலை வாடை. வெறும் தயிர்ச் சோறாகப் பிசைந்தால் மூக்குக்குத் தெரியும். இஞ்சி, கறிவேப்பிலை, கடுகு தாளித்தால் அடங்கும். மோர்க்குழம்புக்கு இதுதான் சரியான ஆள்: மிதமான தீயில் திரியாமல் நின்று, குழம்பையும் கெட்டியாக்கும்.

தேங்காய்ப்பால் தயிர் வாயில் வைத்தால் மூன்றிலும் மென்மை. ஆனால் அடியில் ஒரு தித்திப்பு இருக்கும். கோடையில் சீக்கிரம் புளித்து, மேலே எண்ணெய் படிந்து, கீழே தண்ணீர் பிரியும். பச்சடிக்கு நன்று. அடுப்பில் ஏற்றாதீர்கள்.

சோயா கெட்டியாகத் தோயும், புரதமும் பாலுக்குக் கிட்டத்தட்டச் சமம். பாக்கெட்டில் வரும் பாதாம் பால் புரதத்தில் பக்கத்திலேயே நிற்காது, பெரும்பகுதி தண்ணீர்தான். சத்துக் கணக்கில் முதல் இடம் சோயாவுக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்கிறேன். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு டம்ளரை என் பக்கம் தள்ளிவிட்டாள். அதன் அவரை வாடையை எந்தத் தாளிப்பும் மறைக்கவில்லை.

இந்தப் போட்டியை முடித்து வைத்தது ஒரு பழைய சோற்றுப் பானை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை தனக்கு ஊற்றி வைத்திருந்த நீராகாரத்தில் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு ஒரு சொம்பு அவளுக்குக் கொடுத்தார். மடமடவென்று குடித்துவிட்டு, "இது மோர் மாதிரியே இருக்கே" என்றாள். மாதிரி என்ன மாதிரி. இத்தனை நாள் அவள் நாக்கு தேடியது பாலை இல்லை, சாப்பாட்டுக் கடைசியில் வருகிற குளிர்ந்த புளிப்பை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்போது தினமும் ஒரு கைச்சோறு தண்ணீரில் கிடக்கிறது. கம்பங்கூழையும் மோருக்குப் பதில் அந்தத் தண்ணீரில்தான் கரைக்கிறோம். கடலைத் தயிர் மோர்க்குழம்பு நாளுக்கு மட்டும்.

நீராகாரம் நாக்குக்குச் சரி, எலும்புக்கு? பாலில் 100 மில்லிக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். ராகியில் 100 கிராமுக்கு 350 வரை. முளைகட்டினால் உடம்பு எடுத்துக்கொள்வதும் கூடும். எள்ளில் இன்னும் பல மடங்கு, அதனால் இட்லிப் பொடியில் எள் தாராளம். வைட்டமின் பி12 மட்டும் எந்தத் தானியத்திலும் இல்லை. நாங்கள் சைவம் என்பதால் அதற்கு டாக்டர் சொன்ன மாத்திரை.

நெய், காபி

நெய்யில் பால் சர்க்கரை அநேகமாக இருக்காது. பால் செரிக்காமல் வயிறு உப்புகிறவர்கள் பலருக்கு ஒன்றும் செய்யாது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அப்படி இல்லை. அதில் ஒட்டியிருக்கும் துளிப் புரதமே போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் "நெய் சேர்த்துக்கலாம், ஒண்ணும் ஆகாது" என்று கல்யாண வீட்டில் இலையில் ஊற்றிவிடுவார்கள். அரிசியும் பருப்பும் சாதத்துக்கு நெய்யைவிடத் தேங்காயெண்ணெய் குறைச்சலில்லை என்பது என் கட்சி. அத்தை இன்னும் சேரவில்லை.

காபியில் எல்லாமே தோல்வி. சோயாப் பால் சூட்டில் திரிகிறது. தேங்காய்ப்பால் விட்டால் பாயசத்தில் டிகாக்ஷன் ஊற்றின மாதிரி. ஓட்ஸ் பால் ஒன்றுதான் நிறத்திலும் நுரையிலும் பக்கத்தில் வருகிறது. ஆனால் சாதா ஓட்ஸில் கோதுமை கலந்துவிடுவது சகஜம், சீலியாக் உள்ளவர்களுக்கு முத்திரை பார்த்துத்தான் வாங்க வேண்டும். விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். அவளுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குமல்லிக் காபி.

வீட்டில் கோதுமையைச் சந்தேகப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு சரியாக வராது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சோதனை செய்துகொண்டு, பிறகு நிறுத்துங்கள். நாங்கள் இதைத் தெரியாமல் நிறுத்தி, மறுபடி ஆறு வாரம் அவளுக்குச் சப்பாத்தி கொடுத்து, இரண்டாம் தடவை ரத்தம் எடுத்தோம். அந்த ஆறு வாரத்துச் சப்பாத்தியை அவள் அழுதுகொண்டேதான் தின்றாள்.