ஒரே மெஷினில் சர்ஃபேஸும் திக்னஸும்: சின்னப் பட்டறைக்கு ஒத்துவருமா?

மதுரையில் என் பட்டறையில் 12 அங்குல காம்பினேஷன் பிளானர் ஒன்று சில வருஷங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே சர்ஃபேஸ் பிளானர், அதாவது பலகையின் ஒரு முகத்தை இழைத்துத் தட்டையாக்குவது. மேல் டேபிள்களைத் தூக்கிவிட்டால் அதுவே திக்னஸர், அதாவது பலகை முழுவதையும் ஒரே கனத்துக்கு (தடிமனுக்கு) இழைப்பது. மோட்டாரும் பிளேடு உருளையும் இரண்டுக்கும் பொது. சீனாவில் செய்து, இங்கே ஆளுக்கொரு ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற ரகம் என்பதால் கம்பெனிப் பெயர் சொல்லிப் பயனில்லை. வாங்க நினைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "மாற்றி மாற்றி வைக்க நேரம் ஆகாதா?" என்றுதான். கை பழகிவிட்டால் ஓரிரு நிமிஷ வேலை. அதை ஒரு குறையாகவே நான் எண்ணுவதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது, வருகிறேன்.

திக்னஸர் மட்டும் வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். கோணிய பலகையைத் திக்னஸரில் விட்டால், ரோலர் அதை அமுக்கி நேராக்கிக்கொண்டு இழைக்கும்; வெளியே வந்ததும் பலகை பழையபடி கோணிக்கொள்ளும். மெலியும், நேராகாது. ஒரு முகத்தை சர்ஃபேஸில் தட்டையாக்கிய பிறகுதான் திக்னஸருக்கு வேலை.

அப்படியானால் தனித்தனியாக இரண்டு மெஷின் வாங்கலாமே? இடமும் காசும் இருந்தால் வாங்கலாம். ஆனால் சின்னப் பட்டறைக்காரர் கைக்கு எட்டும் தனி சர்ஃபேஸ் பிளானர் பெரும்பாலும் 6 அங்குலம். காரைக்குடிப் பக்கம் பழைய வீடு பிரித்த பர்மா தேக்கில் 9, 10 அங்குல அகலப் பலகை கிடைக்கும். அதை நடுவில் கிழித்து, இழைத்து, திரும்ப ஒட்டுவதற்கு எனக்கு மனசு வராது. காம்பினேஷனில் திக்னஸருக்கு என்ன அகலமோ அதே அகலம் சர்ஃபேஸுக்கும் கிடைத்துவிடுகிறது. நான் இதை வாங்கியது முழுக்க முழுக்க இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இப்போது குறைக்கு வருவோம். திக்னஸிலிருந்து சர்ஃபேஸுக்கு மாற்றும்போது, தூள் இழுக்கும் கூண்டைப் புரட்டிப்போட இடம் வேண்டும் என்று திக்னஸருக்கான கீழ் டேபிளை இறக்கியாக வேண்டும். இறக்கினால் வைத்திருந்த கனம் போயிற்று. டிராயர் பக்கப் பலகைகள் எல்லாவற்றையும் 15 மில்லிமீட்டருக்கு இழைத்து முடித்த பிறகு, மூலையில் ஒன்று விட்டுப்போனது தெரிந்தால், அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் திரும்ப மாற்ற வேண்டும். திரும்ப வைத்த 15, முன்பு வைத்த 15 ஆக இருக்காது. ஒரு தலைமுடி அளவு வித்தியாசம் வரும், டவ்டெயில் (புறா வால் வடிவ மூலை இணைப்பு) போடும்போது அது காட்டிக்கொடுக்கும். எனவே வேலை வரிசையே மாறிவிட்டது. மொத்த மரத்தையும் முதலில் சர்ஃபேஸில் போட்டு முடித்து, கூடவே உதிரியாக இரண்டு துண்டும் சேர்த்துக்கொண்டு, அப்புறம்தான் திக்னஸ். டிஜிட்டல் அளவுகோல் ஒன்றைப் பின்னால் வாங்கி மாட்டினேன். மெஷினோடு வந்த ஸ்கேலை நம்பி வேலை செய்ய முடியாது.

இன்னொன்று, நீளம். ஆஸ்திரியாவின் ஹாமர் ஏ3-31 போன்ற விலை கூடிய மெஷினிலேயே டேபிள் நீளம் 1,400 மில்லிமீட்டர்தான். டீப்பாய், அலமாரிக் கதவு, நாற்காலிக் கால் எல்லாம் சுகமாகப் போகும். 7 அடி நிலைக்கால் என்றால் திண்டாட்டம்தான். வேங்கையில் 5-க்கு 3 அங்குலம் என்றால் ஒரு காலே 15 கிலோவுக்கு மேல் நிற்கும். முன்னும் பின்னும் ரோலர் ஸ்டாண்டு வைத்தாலும் தலைப்பக்கம் சாயப் பார்க்கும். நிலை, ஜன்னல் வேலையே பிழைப்பு என்றால் இந்த மெஷின் பக்கம் போக வேண்டாம். நீள டேபிள் உள்ள பழைய வார்ப்பிரும்பு சர்ஃபேஸ் பிளானரை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள்.

பிளேடு விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கச் சொல்வேன். நேர் பிளேடு மூன்று போட்ட உருளை விலை குறைவு. ஆனால் தேக்கில் உள்ள மணல்சத்து எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடைச் சீக்கிரமே மொட்டையாக்கும். சாணை பிடித்துத் திரும்பப் பூட்டும்போது மூன்றும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். பலகை வெளியேறும் பக்கத்துப் பின் டேபிளும் பிளேடின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பின் டேபிள் தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசியில் பள்ளம் விழும். சின்னச் சின்ன சதுரக் கார்பைடு துண்டுகள் பதித்த சுருள் உருளையில் இந்தக் கூத்து கிடையாது. பழைய மரத்தில் ஒளிந்திருந்த ஆணி அடித்தால், பட்ட துண்டை மட்டும் திருப்பி வைத்தால் போதும். ஒவ்வொன்றுக்கும் நான்கு முனை. வேம்பு, வேங்கை மாதிரி ரேகை முன்னும் பின்னும் ஓடும் மரத்தில் பிய்வதும் வெகுவாகக் குறையும். சத்தமும் குறைவு, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி. மேற்பரப்பில் மெல்லிய வரி விழும், உப்புத்தாள் தேய்த்தால் போய்விடும்.

கரண்டு: 3 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் முழுப் பளுவில் ஏறக்குறைய 14 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைவிடப் பல மடங்கு. தனி லைன் இழுத்து விடுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால் திரீ பேஸ் எடுத்துவிடுவது நல்லது.

தூள் இழுக்க வீட்டு வாக்குவம் கிளீனர் உதவாது. திக்னஸில் சீவல் மளமளவென்று கொட்டும்; 4 அங்குலக் குழாயும் அதற்கேற்ற டஸ்ட் கலெக்டரும் இல்லாவிட்டால் கூண்டு அடைத்து, ரோலர் சீவலையே பலகையில் அமுக்கித் தழும்பு போட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் டேபிளில் துரு பிடிக்கும். மெழுகு தேய்த்து வைக்கிறேன். சிலிக்கான் ஸ்பிரே வேண்டாம், அது மரத்தில் ஒட்டி பாலிஷில் மீன்கண் (சின்ன வட்டக் குழிகள்) போட்டுவிடும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் பட்டறைக்கும் இது சரிவராது. ஒருவர் சர்ஃபேஸில் நிற்கும்போது மற்றவர் டீ குடிக்கப் போக வேண்டியதுதான்.

வாங்கப் போகும்போது நீளமான நேர்ச்சட்டம் ஒன்றையும் மூலைமட்டத்தையும் எடுத்துப் போங்கள். இரண்டு டேபிள் மேலும் சட்டத்தை வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். அப்புறம் டேபிள்களைத் தூக்கி, இறக்கி, பூட்டி, மறுபடி பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பல தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே மட்டத்துக்கு வந்து உட்காராத மெஷினை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.