முதல் ஸ்பீட்ரன்னுக்கு எந்த விளையாட்டு: ஐந்து நிமிட மாரியோவா, பதினாறு நட்சத்திர மாரியோவா, மைன்கிராஃப்டா?

ஒரு வீடியோ கேமை எவ்வளவு குறைந்த நேரத்தில் முடிக்க முடியும் என்று போட்டியிடும் ஸ்பீட்ரன் உலகில் புதிதாக நுழைபவர் எவரும் முதலில் கேட்பது, போட்டி போடும் அளவுக்குத் தேற எத்தனை மாதம் ஆகும் என்பதைத்தான். விளையாட்டுக்கு விளையாட்டு மாறும் என்ற வழக்கமான பதில் உண்மைதான் என்றாலும், எதனால் மாறுகிறது என்பதைச் சொல்லாதவரை அதனால் பயனில்லை. நான் கவனித்த வரையில் இரண்டு காரணங்கள் மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன: கடினமான இடத்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை முயன்று பார்க்க முடிகிறது, அந்த இடம் ஒவ்வொரு முறையும் அதே வடிவில் எதிரே வந்து நிற்கிறதா. பெரும்பாலான புதியவர்கள் விசாரித்துப் பார்க்கும் மூன்று விளையாட்டுகளை இந்த இரண்டு அளவுகோல்களாலும் அளந்து பார்க்கலாம்.

அதற்கு முன் 'போட்டி போடும் அளவு' என்பதை வரையறுத்துக்கொள்வது நல்லது. உலகச் சாதனைக்கு அருகில் போவதை நான் சொல்லவில்லை. அது ஒரு சிலரின் கதை. முன்னணி ஆட்டக்காரர்கள் செல்லும் அதே வழியில், அவர்கள் பயன்படுத்தும் முக்கியமான உத்திகளை எல்லாம் நாமும் பயன்படுத்தி, அறியாமையால் நேரத்தை இழக்காமல் கைப்பிசகால் மட்டும் இழக்கும் நிலையையே இங்கே போட்டி நிலை என்கிறேன். கீழே நான் தரும் மாதக் கணக்குகள், நாளொன்றுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஒழுங்காகப் பழகுபவரை மனத்தில் வைத்து நானே போட்ட மதிப்பீடுகள்.

1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டை, நம்மில் பலர் தொலைக்காட்சியோடு இணைத்த மலிவான கருவியில் கேசட் செருகி விளையாடியிருக்கிறோம். அந்தப் பழக்கம் இங்கே அநேகமாக உதவாது. ஸ்பீட்ரன்னில் முப்பத்திரண்டு கட்டங்களையும் கடக்க வேண்டியதில்லை. 1-1, 1-2 (முதல் உலகின் முதல், இரண்டாம் கட்டங்கள்) முடிந்ததும், பல கட்டங்களைத் தாண்டவைக்கும் வார்ப் மண்டலம் என்ற மறைவிடம் வழியாக 4-1க்கும், 4-2இலிருந்து மீண்டும் ஒரு வார்ப் வழியாக 8-1க்கும் தாவி, மொத்தம் எட்டே கட்டங்களில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆகவே முழு ஆட்டங்களாக மட்டுமே ஆடினாலும் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு முயற்சிகள் கிடைக்கும். மாரியோ ஒரே பொத்தான் வரிசைக்கு ஒரே மாதிரி ஓடுவதால், நேற்றுப் பழகியது இன்று அப்படியே செல்லுபடியாகும். இரண்டு அளவுகோல்களிலும் இதுவே முதலிடம் பெறுகிறது.

இந்த விளையாட்டின் உள்ளே இருக்கும் ஒரு விசித்திரம் புதியவருக்குச் சாதகமானது. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கலாமா என்பதை நிரல் 21 பிரேம்களுக்கு (திரையில் அடுத்தடுத்து மாறும் படங்களுக்கு) ஒருமுறைதான் சரிபார்க்கிறது. வினாடிக்கு ஏறத்தாழ 60 பிரேம்கள் என்பதால் இது சுமார் 0.35 வினாடி. இத்துறையினர் இதைப் பேருந்தோடு ஒப்பிடுவது வழக்கம்: நிலையத்துக்குச் சற்று முன்னதாக ஓடிவந்தாலும் பேருந்து அதற்குரிய நேரத்தில்தான் புறப்படும், ஆகவே ஒரு கட்டத்தில் ஐந்தாறு பிரேம்கள் தடுமாறியும் அதே பேருந்தைப் பிடித்துவிட்டால் எதையும் இழக்கவில்லை. இறுதிக் கட்டமான 8-4இல் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே ஆட்டத்தை முடித்துவைக்கும் கோடாரியைத் தொடும் கணம்வரை ஒவ்வொரு பிரேமும் கணக்கில் சேரும். 2023 செப்டம்பரில் நிஃப்ட்ஸ்கி என்ற ஆட்டக்காரர் பதிவுசெய்த 4:54.631 என்ற நேரத்தையும், எல்லாப் புதியவர்களும் முதல் இலக்காக வைக்கும் ஐந்து நிமிடத்தையும் ஒப்பிட்டால் இடைவெளி சுமார் பதினைந்து பேருந்துகள்தான். அந்தப் பதினைந்தில் முதல் பாதியைப் பிடிப்பது எளிது, கடைசி நான்கைந்து மிகக் கொடியவை. 2016இல் டார்பியன் என்ற ஆட்டக்காரர் 4:56.878 என்று பதிவுசெய்தார். அங்கிருந்து 2023வரை உலகின் தலைசிறந்த விரல்கள் எல்லாம் சேர்ந்து ஏழு ஆண்டுகளில் வென்றது இரண்டேகால் வினாடி.

புதியவரின் மாதங்களை அதிகம் விழுங்கும் இடம் 4-2. அங்கே வார்ப் மண்டலத்துக்குப் போக மறைந்திருக்கும் செடிக்கொடியை வரவழைத்து ஏறுவதுதான் நேர்வழி, ஆனால் அது மெதுவானது. அதற்குப் பதிலாக மாரியோவைக் கட்டைகளின் ஓரத்தில் இடிக்கவைத்து, திரையில் அவர் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து சில பிக்சல்கள் வலப்புறமாகத் தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளினால், குழாய் எங்கே கொண்டுபோக வேண்டும் என்ற தகவல் மாறுவதற்கு முன்பே அவர் குழாய்க்குள் இறங்கிவிடுவார். நாணய அறைக்குப் போக வேண்டியவர் நேராக வார்ப் மண்டலத்தில் போய் நிற்பார். நான் பழகிய காலத்தில் மூன்று வாரங்கள் இந்த ஓரிடத்திலேயே கழிந்தன. இடித்தல் சரியாக அமைந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. குழாய்க்குள் இறங்கி, திரை கறுத்து, நாணய அறையின் இசை ஒலிக்கும்போதுதான் தோற்றது தெரியும். இத்தனைக்கும் பிறகு, ஒரு மணி நேரப் பயிற்சியுடன் ஐந்து நிமிடத்துக்குள் வர இரண்டு அல்லது மூன்று மாதங்கள் போதும் என்றே சொல்வேன். கொடிக்கம்பத்தின் அடியில் மாரியோவைச் சிக்கவைத்துக் கொடி இறங்கும் நேரத்தை மிச்சம்பிடிப்பது, 8-2இல் பறந்து வரும் தோட்டாவின் மேல் மிதித்து அதே பலனைப் பெறுவது ஆகியவற்றையும் சேர்த்து 4:57ஐத் தொடுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு வேண்டும்.

1996இன் சூப்பர் மாரியோ 64 வேறொரு வகை உழைப்பைக் கேட்கிறது. இதில் மொத்தம் 120 நட்சத்திரங்கள் உண்டு. முறைப்படி ஆடினால் 'முடிவற்ற படிக்கட்டு' எனப்படும் இறுதிப் படிக்கட்டைக் கடக்க 70 வேண்டும். பதினாறு நட்சத்திரங்களோடு ஆட்டத்தை முடிக்கும் போட்டிப் பிரிவில் இந்த நிபந்தனையை இரண்டு தந்திரங்களால் ஏமாற்றுகிறார்கள். பதினைந்து நட்சத்திரங்கள் சேர்ந்ததும் கோட்டையின் நிலவறையில் தோன்றும் மிப்ஸ் என்ற முயலைப் பிடித்துக் கதவோரம் கொண்டுபோய், அதைக் கீழே விடும் அசைவிலேயே, 30 நட்சத்திரங்கள் கேட்கும் கதவை மாரியோ ஊடுருவிச் செல்வது ஒன்று. பின்பக்கமாக நீளத் தாண்டுவது மற்றொன்று: முன்னோக்கிய வேகத்துக்கு நிரலில் வரம்பு வைத்தவர்கள் பின்னோக்கிய வேகத்துக்கு வைக்க மறந்ததால், படிக்கட்டில் பின்பக்கமாகத் தாண்டிக்கொண்டே இருந்தால் வேகம் பெருகி, மாரியோ முடிவற்ற படிக்கட்டையே துளைத்துப் போய்விடுவார். 1997இல் ஜப்பானில் வந்த ஷிண்டோ பதிப்பில் இந்தப் பிழை திருத்தப்பட்டது. 2020இல் ஸ்விட்ச் கருவிக்கு வந்த 3டி ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பிலும் இருப்பது அந்தத் திருத்திய பதிப்பே. தொகுப்பை வாங்கிவிட்டுப் பதினாறு நட்சத்திரம் பழக உட்காருபவர் வாரக்கணக்கில் படிக்கட்டில் வீணாகக் குதித்துக்கொண்டிருக்க நேரும் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இப்பிரிவில் முன்னணியினர் பதினைந்து நிமிடங்களுக்குள் முடிக்கிறார்கள். புதியவருக்கு இருபது நிமிடம் நல்ல முதல் இலக்கு. ஒரு மணி நேரத்துக்கு மூன்று முழு முயற்சிகள்தான் என்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் ஐந்து நிமிட மாரியோவை விட நான்கு மடங்கு மெதுவாகத் தேற வேண்டும். அப்படி ஆவதில்லை. உசாமுனே என்ற பயிற்சிப் பதிப்பில் எந்த நட்சத்திரத்தையும் தனியே எடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் தொடக்கத்துக்கே திரும்பி, அரை நிமிட நட்சத்திரம் ஒன்றை ஒரே மாலையில் நூறு முறை ஆடலாம். தாமதத்துக்கான உண்மையான காரணம் வேறு: முப்பரிமாண வெளியில் அனலாக் குச்சியைக் கொண்டு மாரியோவைக் கோணம் பிசகாமல் ஓட்டுவது தனி உத்தி எதுவும் அன்று, எல்லா உத்திகளுக்கும் அடியில் இருக்கும் நடை. அந்த நடை கைவர மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அதுவரை வழியை மனப்பாடம் செய்தும் நேரம் இறங்காது. இருபது நிமிடத்துக்குள் வர நான்கு மாதங்களும், பதினேழுக்குள் வர ஓராண்டுக்கு மேலும் பிடிக்கும் என்பது என் மதிப்பீடு. இவற்றோடு கருவிச் செலவும் உண்டு: பழைய நின்டெண்டோ 64 கட்டுப்படுத்தியின் குச்சி தேய்ந்து தளர்ந்துவிடும், தளர்ந்த குச்சியில் பழகியவர் புதியதற்கு மாறும்போது மறுபடியும் தடுமாறுவார்.

ஆனால் இங்கே உழைத்த உழைப்பு மேலே போகப் போகப் பயன்படுகிறது. பதினாறில் கற்ற நடையும் பல நட்சத்திரங்களும் 70க்கும் 120க்கும் அப்படியே செல்லுபடியாகின்றன. முன்னணியினர் 1 மணி 40 நிமிடத்துக்குள் முடிக்கும் 120 நட்சத்திரப் பிரிவிலேயே நேரடியாகத் தொடங்கும் பேராசைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாலையில் ஒரே முயற்சிதான், அதுவும் முக்கால்வாசி வழியில் முறியும் முயற்சி, என்ற நிலையைப் பெரும்பாலோர் இரண்டு மாதங்களுக்கு மேல் தாங்குவதில்லை.

மைன்கிராஃப்ட் இவ்விரண்டிலிருந்தும் அடிப்படையிலேயே மாறுபடுகிறது, ஏனெனில் இங்கே உலகமே ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகிறது. இரும்பு தேடி, லாவாவில் வாயில் அமைத்து, நெதர் என்ற நெருப்புலகுக்குள் போய், அங்கே வாழும் பிக்லின் என்ற உயிரினங்களிடம் தங்கம் கொடுத்து எண்டர் முத்து வாங்கி, அங்குள்ள கோட்டையில் பிளேஸ் என்ற எதிரிகளைக் கொன்று தண்டுகள் சேர்த்து, மேலே திரும்பி, டிராகனிடம் போகும் வாயில் உள்ள ஸ்ட்ராங்ஹோல்டைக் கண்டுபிடித்து, இறுதியில் படுக்கைகளை வெடிக்கவைத்து டிராகனைக் கொல்வதுதான் வழி. ஒவ்வொரு படியிலும் அதிர்ஷ்டம் குறுக்கிடும்: ஒரு பண்டமாற்றில் முத்து கிடைக்கும் வாய்ப்பு 1.16.1 பதிப்பில் நூற்றுக்கு ஐந்துக்கும் சற்றுக் குறைவு. அடுத்த பதிப்பில் அது பாதிக்கும் கீழே குறைக்கப்பட்டதால்தான் ஆட்டக்காரர்கள் இன்றும் 2020ஆம் ஆண்டின் அந்தப் பழைய பதிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாய்ப்புக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ட்ரீம் என்ற யூடியூபரின் விவகாரமே சான்று: 2020இல் அவர் நேரலையில் ஆடிய ஆட்டங்களில் 262 பண்டமாற்றுகளில் 42 முறை முத்து வந்தது, பன்னிரண்டு பதின்மூன்று வந்திருந்தாலே இயல்பு. அதே ஆண்டு டிசம்பரில் சாதனைப் பட்டியலின் நிர்வாகிகள் அவரது ரன்னை நிராகரித்தார்கள். 2021 மே மாதத்தில் மாற்றியமைத்த மென்பொருள் இயங்கியதை அவரே ஒப்புக்கொண்டு, அது தமக்குத் தெரியாமல் நேர்ந்தது என்றார்.

புதியவரைப் பொறுத்தவரை பிரச்சினை, அதிர்ஷ்டமின்மையை விட, கடைசிப் படிகளைத் தொடவே முடியாமல் போவதுதான். தொடக்கம் சரியில்லை என்று ஐம்பது உலகங்களை ரீசெட் செய்பவர், நெதர்வரை ஐந்தாறு முறையும் டிராகன்வரை ஒருமுறையும் போவார். ஆகவே டிராகன் முன்னால் நிற்கும்போது அவருக்குக் கை நடுங்கும். தனிப் பயிற்சி வரைபடங்களில் அந்த இறுதிச் சண்டையை மட்டும் திரும்பத் திரும்பப் பழகுவதற்கு வழியுண்டு என்றாலும், மாதக்கணக்கில் ரீசெட் பொத்தானையே அழுத்திக்கொண்டிருப்பவர்களே அதிகம். சாதனைகள் எட்டு நிமிடத்துக்கும் கீழே போய்விட்ட இப்பிரிவில் முப்பது நிமிடத்துக்குள் முடிக்க இரண்டு மாதங்களும், இருபதுக்குள் வர ஆறு மாதங்களும் ஆகும் என்று நினைக்கிறேன். பதினைந்துக்குக் கீழே போக எவ்வளவு காலம் என்பதை மாதத்தில் சொல்வதே தவறு, ஏனெனில் தகுதி வந்த பிறகும் நல்ல உலகம் ஒன்று வாய்க்கும்வரை எண் நகராது. தகுதியையும் தற்செயலையும் பிரித்துப் பார்க்க விரும்புபவருக்கு எம்சிஎஸ்ஆர் ரேங்க்டு (மைன்கிராஃப்ட் ஸ்பீட்ரன்னுக்கான நேருக்கு நேர் போட்டித் தளம்) உதவும்: இருவர் ஒரே உலகில் ஒரே நேரத்தில் தொடங்கி மோதுவார்கள், வெற்றி தோல்விக்கேற்ப சதுரங்கத்தில் போலவே எலோ மதிப்பு ஏறி இறங்கும். தமக்குச் சமமான எதிராளியுடன் முதல் வாரத்திலேயே மோத முடிகிற ஒரே இடம், இந்த மூன்று விளையாட்டுகளில் இதுதான்.

இருபது பேர் மட்டுமே ஆடும் சிறிய விளையாட்டைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வாரத்தில் முதல் ஐந்தில் வந்துவிடலாமே என்று கேட்கலாம். வரலாம், ஆனால் அங்கே வழிகாட்டிக் காணொளிகள் குறைவு, வழியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். நாளைக்கு ஒரு புதிய கிளிட்ச் (நிரலில் உள்ள பிழை) வெளிப்பட்டால் பழகிய அனைத்தும் கழிந்துபோகும் அபாயம் பெரிய விளையாட்டுகளிலும் உள்ளதுதான். ஆக்கரினா ஆஃப் டைம் விளையாட்டில் 2019இல் கண்டறியப்பட்ட நினைவகப் பிழை, பதினேழு நிமிடம் வரை ஓடிக்கொண்டிருந்த பிரிவை அடுத்த சில ஆண்டுகளில் ஏழு நிமிடத்துக்கும் கீழே கொண்டுவந்து, பழைய வழியில் ஆண்டுக்கணக்காக உழைத்தவர்களை மறுபடியும் தொடக்கத்தில் நிறுத்தியது.

மூன்றில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு ஐந்து நிமிட மாரியோவையும், இரண்டு ஆண்டுகள் ஒரே விளையாட்டோடு இருக்கத் தயாரானவருக்குப் பதினாறு நட்சத்திரத்தையும் சொல்வேன். ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப ஓடினால் சலித்துவிடும் இயல்புடையவர் நேரே மைன்கிராஃப்ட் ரேங்க்டுக்குப் போகலாம், டைமரைத் தனியே திறக்கவும் வேண்டாம். ஐந்து நிமிட மாரியோவைத் தேர்ந்தெடுப்பவர் முதல் இரண்டு வாரங்கள் 1-1ஐத் தொடாமல், எமுலேட்டரில் (பழைய விளையாட்டைக் கணினியில் இயக்கும் மென்பொருளில்) சேவ் ஸ்டேட் போட்டு, அதாவது வேண்டிய இடத்தைச் சேமித்து வைத்து, 8-4இலிருந்து பின்னோக்கிப் பழகட்டும். ரீசெட் பழக்கம் தொற்றிக்கொண்ட பிறகு 1-1ஐ ஆயிரம் முறையும் 8-4ஐ பத்து முறையும் ஆடியிருப்போம். முதன்முறையாக ஐந்து நிமிடத்துக்குள் முடியும் வாய்ப்பு வரும் இரவில், சலுகையே இல்லாத அந்தக் கடைசிக் கட்டத்தில் எந்தக் குழாய்க்குள் இறங்க வேண்டும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்காது.