பீட்டர்ஸ்பர்க்கில் 1917 வழியே ஒரு நடை

ரஷ்யப் புரட்சி நடந்த இடங்களைச் சுற்றிக் காட்டும் மூன்று மணி நேர நடைச் சுற்றுலா. லித்தேய்னி பாலத்தில் நின்ற கால் மணி நேரத்துக்கே கொடுத்த காசு தகும். 1917 மார்ச் 8, மகளிர் தினம். ரொட்டிக்கு வரிசையில் நின்று சலித்த நெசவாலைப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் பாலத்தை மறித்ததும் கூட்டம் உறைந்த நேவா ஆற்றின் மேலேயே நடந்து நகருக்குள் போய்விட்டது. கீழே பனிக்கட்டியை எட்டிப் பார்த்தேன். நானாக இருந்தால் ஓர் அடிகூட வைத்திருக்க மாட்டேன்.

ரஷ்யப் பேரரசர் ஜாரின் வோலின்ஸ்கி படைப்பிரிவு தன் அதிகாரியையே சுட்டுவிட்டு மக்கள் பக்கம் சாய்ந்ததை வழிகாட்டி இரண்டே வரியில் முடித்ததுதான் கடுப்பு. ஜாரின் கை ஓய்ந்தது அங்கேதானே! அவர் பிஸ்கோவ் நகரில் ரயில் பெட்டிக்குள் பதவி விலகல் கடிதத்தில் கையெழுத்திட்ட கதைக்கு மட்டும் அரை மணி நேரம். குளிர்காலத்தில் போனால் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள்.