கேரவன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த விரிசல்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் கேரவனின் கட்டிலுக்கு அடியில் இருக்கும் 100 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி கசிகிறது என்பது, தரைப்பலகை ஊறி உப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரே விரிசலை மூன்று முறை பழுதுபார்த்தேன். முதல் இரண்டும் தோற்றன. மூன்றாவது நான்கு ஆண்டுகளாக நிற்கிறது.

கசிவின் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கே ஒரு நாள் ஆயிற்று. நீர் தொட்டியின் அடிப்பரப்பில் ஊர்ந்து சென்று வேறொரு மூலையில் சொட்டும் என்பதால், ஈரம் தெரியும் இடத்தை நம்பக்கூடாது. வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, உணவில் சேர்க்கும் நிறத்தை நீரில் கலந்து நிரப்பியபோதுதான், வெளியேறு குழாய் பொருந்தும் துளையை ஒட்டி ஏறக்குறைய 6 செ.மீ. நீளத்துக்கு மயிரிழைபோல் ஒரு விரிசல் தெரிந்தது.

முதலில் பூசிய சிலிக்கான் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. அடுத்துப் பூசிய எபாக்சி இரண்டு மாதம் கழித்து ஒரே தகடாக உரிந்து கையோடு வந்தது. தவறு பசையில் இல்லை. இத்தகைய தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. மெழுகு போன்ற அதன் மேற்பரப்பில் சாதாரணப் பசைகள் பற்றுவதில்லை. பசைகள் பலவும் பாலிஎத்திலீன் குப்பிகளில் அடைத்தே விற்கப்படுகின்றன என்பதை முன்பே யோசித்திருந்தால் எபாக்சிக்குச் செலவழித்திருக்க மாட்டேன்.

ஆகவே, உருக்கி இணைப்பதே வழி என்று முடிவு செய்தேன். அதற்குமுன் பிளாஸ்டிக்கின் வகையை உறுதிசெய்தாக வேண்டும். தொட்டியில் முக்கோணக் குறிக்குள் 2 அல்லது 4 என்று இருந்தால் பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரோப்பிலீன். குறி இல்லையென்றால் சிறு சீவலை நீரில் இட்டுப் பார்க்கலாம்: இவ்விரண்டும் மிதக்கும், ஏபிஎஸ் என்னும் வேறொரு வகைப் பிளாஸ்டிக் மூழ்கும். ஏபிஎஸ் என்றால் அதற்குரிய கரைப்பான் பசையே போதும். மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட, அதாவது குறுக்கிணைப்புச் செய்யப்பட்ட பாலிஎத்திலீனோ சூட்டில் உருகி ஓடாது. அதில் இந்த முறை பயன்படாது.

தொட்டியை முழுவதுமாக வெளியே எடுத்து உலர்த்தி, விரிசலின் இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை இட்டேன், விரிசல் மேலும் ஓடாமல் தடுப்பது இதுவே. பிறகு விரிசலை ஆங்கில 'வி' வடிவப் பள்ளமாகச் சீவி, பழைய பசையின் எச்சத்தையும் மங்கிய மேல்தோலையும் சுரண்டி எடுத்தேன். அதே வகைப் பிளாஸ்டிக்கில் கிடைக்கும் நிரப்புக் கம்பியையும் பள்ளத்தின் இரு விளிம்புகளையும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் ஒரே நேரத்தில் உருக்கிச் சேர்க்க வேண்டும். கம்பி மட்டும் உருகித் தொட்டியின் பரப்பு உருகாவிட்டால், பார்வைக்கு அழகாக இருந்தாலும் ஆறியபின் நகத்தாலேயே பெயர்க்கலாம். புகை எழுந்தால் சூடு மிகுதி. பிளாஸ்டிக் கருகி வலுவிழக்கும். ஒரு பழைய கேனில் அரைநாள் பழகிய பின்னரே தொட்டியில் கை வைத்தேன். பின்னர் துருப்பிடிக்காத எஃகு வலைத்துண்டு ஒன்றை விரிசலின் குறுக்கே பதித்து, அதன்மீது மீண்டும் பிளாஸ்டிக்கை உருக்கி மூடினேன்.

ஆயினும், விரிசலின் காரணம் அப்படியே இருந்திருந்தால் இவ்வளவும் வீணாகியிருக்கும். நிரம்பிய தொட்டியில் இருப்பது 100 கிலோ நீர். வாகனம் குலுங்கும்போதெல்லாம் தொட்டி நகர, அதனுடன் விறைப்பாக இணைந்திருந்த குழாய் துளையின் விளிம்பை நெம்பிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயை அகற்றி வளையும் ஹோஸ் பொருத்தினேன், தொட்டிக்கு அடியில் ரப்பர் விரிப்பு இட்டேன், தளர்ந்திருந்த பட்டைகளை இறுக்கினேன். ஹோஸைத் துளையுடன் இணைக்கும் பொருத்தியை ரப்பர் வாஷருடன் கையால் இறுக்கியதோடு நிறுத்திக்கொண்டேன். ஸ்பானரால் முறுக்குவது புதிய விரிசலுக்கு அழைப்பு.

முதல் ஆண்டில் ஒரு முனையில் சிறிது கசிவு தெரிந்தது. விரிசல் கண்ணுக்குத் தெரிந்ததைவிடச் சற்று நீண்டிருந்ததைக் கவனியாமல் துளையை அதன் உண்மையான முனைக்குச் சற்று முன்னதாகவே இட்டிருந்தேன். அவ்விடத்தை மட்டும் மறுபடி உருக்கியதும் சரியாகிவிட்டது. அதன்பின் ஒரு துளி இல்லை. முதல் சில நிரப்பல்களை வெளியே கொட்டிய பிறகு நீரில் வாடையும் இல்லை. நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடையும் என்பதால் குளிர்காலத்துக்கு முன் தொட்டியைக் காலி செய்துவிடுகிறேன். பல இடங்களில் வெடித்து நொறுங்கும் பழைய தொட்டிக்கு இவ்வளவு பாடுபடமாட்டேன், புதியதையே வாங்குவேன். உப்பிய தரைப்பலகையை மட்டும் இன்னும் மாற்றவில்லை. பயணம் முடிந்து திரும்பும்போதெல்லாம் அதன்மேல் விரித்திருக்கும் காகிதத்தைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.